கண்ணாடியில் நின்ற வரி

அந்த மூன்று வரிகள் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், 'இது சரியில்லையே' என்றது அவள் மனசு. நேற்றுக் காலை அவளுக்கு அனுப்பிய தலைவரின் பேச்சில் அவை இருந்தன. நேற்று மாலை வந்த திருத்தத்தில் காணாமல் போயின. இன்று, தலைவர் மேடையேறக் கொஞ்ச நேரமே இருக்கும்போது, ஒன்றும் நடக்காதது போல அதே இடத்தில் திரும்பி வந்திருந்தன. சொல்லாமல் ஓடிப்போன பிள்ளை குளித்துத் தலைசீவிச் சாப்பிட வந்து உட்கார்ந்தால் எந்தத் தாய்க்குத்தான் சந்தேகம் வராது?

அவள் திரையில் அவற்றை இன்னொரு முறை படித்தாள். "பேருந்து ஓட்டுநரை இருக்கையிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தவர்கள் இனவெறியர்கள். கையுறைப் படை என்று சொல்லிக்கொள்ளும் அந்தக் கும்பலை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நடத்தவிருக்கும் ஊர்வலத்துக்கு இந்த நகரத்தில் இடமில்லை."

அந்த ஓட்டுநர் அவளுடைய தம்பி. அது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வேலை பிராம்ப்டர் ஓட்டுவது. மேடையில் தலைவருக்கு இடமும் வலமுமாக, மெல்லிய கம்பிகளின் மேல் இரண்டு கண்ணாடிகள் நிற்கும். கூட்டத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவை வெறும் கண்ணாடி. தலைவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அவற்றில் எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, நெஞ்சிலிருந்து பொங்கி வருவது போலப் பேசுவார். 'கையில் காகிதமே இல்லாமல் மனுஷன் எப்படிப் பேசுகிறார் பார்' என்று ஜனங்கள் வாய் பிளப்பார்கள். அந்தப் புகழில் பாதி, திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்தை ஓட்டும் திருகைத் திருப்புகிற இவளுக்குச் சேர வேண்டியது. தலைவர் இவளைக் 'கண்ணாடி' என்று கூப்பிடுவார். அவர் வைத்த பெயர் அலுவலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. சம்பளம் போடுகிறவனுக்கே இவளுடைய சொந்தப் பெயர் மறந்திருக்கும்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. ஓட்டுகிறவள் பேசுகிறவருக்கு முன்னால் போகக் கூடாது. அவர் வேகமாகப் போனால் வேகமாக, அவர் நின்றால் நின்று, நிழல் போலக் கூடவே போக வேண்டும். அவளுக்கும் தலைவருக்கும் இடையில் ஓர் அடையாளமும் இருந்தது. பேசும் மேசையின் விளிம்பில் அவர் ஆள்காட்டி விரலால் தட்டினால், 'இந்தப் பத்தி வேண்டாம், அடுத்ததுக்குப் போ' என்று அர்த்தம். பேச்சு நீண்டு ஜனங்கள் கொட்டாவி விட ஆரம்பித்தால் தட்டுவார். மேசைக்கு எதிரே இருந்த சின்னக் கேமரா அவர் முகத்தையும் கையையும் இவளுடைய திரைக்கு மட்டும் காட்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தட்டைக்கூட அவள் தவறவிட்டதில்லை.

வீட்டில் நடப்பது வேறு கதை. தம்பி அடி வாங்கி வந்த நாளிலிருந்து வாசற்கதவுக்குப் பின்னால் செருப்பு அலமாரியை நகர்த்தி வைத்திருந்தார்கள். யார் தட்டினாலும் திறப்பதில்லை. குரல் கொடுத்தால்தான் அலமாரி நகரும். தம்பிக்கு இடது கையில் மாவுக்கட்டு, விலா எலும்பில் விரிசல். கொஞ்ச நாளைக்குச் சிரிக்கக் கூடாது, வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அறிவுரைக்கு அவசியமே ஏற்படவில்லை.

கையுறைப் படைக்காரர்கள் வலது கையில் மட்டும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு திரிகிறவர்கள். 'எங்கள் கை சுத்தம், இந்த ஊரையும் சுத்தம் செய்வோம்' என்பது அவர்களுடைய கோஷம். எது அழுக்கு என்று அவர்கள் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இவள் குடும்பத்தின் தோலையும் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தால் போதும், அவர்களுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் வேலை செய்து, வரி கட்டி, வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களைப் பார்த்து 'உன் ஊருக்குப் போ' என்கிறார்கள். எந்த ஊருக்குப் போவது? தம்பிக்குத் தெரிந்ததெல்லாம் அவன் பேருந்து போகிற ஊர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போகிற வழியில் இவர்கள் தெரு இருந்தது. ஊரை ஆளுகிற தலைவர் ஒரு வார்த்தை கண்டித்துப் பேசினால் போலீஸ் அனுமதி தராது. அவர் வாயை மூடிக்கொண்டால், 'போய்வா மகனே' என்று தட்டிக்கொடுத்ததாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சனிக்கிழமையே சித்தி வீட்டுக்குப் போய்விடலாம் என்று அம்மா ஒரு பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். தம்பி வர மாட்டேன் என்றான். இருவருக்கும் தினம் ஒரு சண்டை.

நேற்று மத்தியானம் இவள் வீட்டுக்குப் போன் செய்து, "சொல்லப் போறாருடா, எழுதியாச்சு, என் கண்ணால பார்த்தேன்" என்று உளறி வைத்தாள். உடனே அம்மா, "நான் சொல்லல? தேர்தலப்ப நம்ம மாடிப்படி ஏறி வந்து என் கையைப் புடிச்சவரு. அவரு விட்டுடுவாரா?" என்றாள். மாலையில் வரிகள் காணாமல் போனதை இவளால் வீட்டில் சொல்ல முடியவில்லை. இன்று விடிந்ததிலிருந்து அம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொரு விஷயமும் அவளை உறுத்தியது. இன்று அவளுடைய முறையே இல்லை. இன்னொருத்திதான் ஓட்டியிருக்க வேண்டும். தலைவரின் செயலாளரே போன் செய்து, "இன்னிக்கு நீங்களே வந்துடுங்கம்மா" என்றார். அம்மா என்று கூப்பிடுகிற மனிதர் அல்ல அவர்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் கமா காபி குடித்துக்கொண்டிருந்தார். தலைவருக்குப் பேச்சு எழுதுகிறவர் அவர். ஒரு கமா இடம் மாறினாலும் சாமி வந்தவர் மாதிரி ஆடுவதால் அந்தப் பெயர்.

"சார், அந்த மூணு வரி திரும்ப வந்திருக்கே?"

"எந்த மூணு வரி?"

பெற்றவருக்கே பிள்ளையைத் தெரியவில்லையாம்.

"ஓட்டுநரை அடிச்சது பத்தின வரி சார்."

"ஓ, அதுவா. இருக்கட்டும்னு சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"மேல."

அவள் மேலே பார்த்தாள். மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"நேத்து எடுத்தது யாரு சார்?"

"அதுவும் மேலதாம்மா. உனக்கெதுக்கு இந்த ஆராய்ச்சி? வந்ததை ஓட்டு." பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "பத்திரிகைக்காரங்களுக்குக் காகிதத்துல குடுத்தாச்சு. அதுல அந்த வரி இருக்கு. அவங்க கைக்குப் போனதை இனிமே யாரு எடுக்க முடியும்?" என்றார்.

அது கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல செய்தி சொல்கிறவர் எதற்காகக் காபி டம்ளரிடம் சொல்கிறார்?

அவள் திரைச்சீலைக்குப் பின்னால் தன் நாற்காலிக்கு வந்தாள். திருகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடிகளைத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் காதருகே யாரோ மூச்சு விட்டார்கள். செயலாளர். காலடிச் சத்தமே இல்லாமல் வந்து நிற்பதில் அவருக்கு ஈடு இணை கிடையாது. அவருக்கு இருமல் வந்தால்கூட அனுமதி கேட்டுக்கொண்டுதான் வரும்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"மிஷின் நடுவுல நின்னு கின்னுடாதே?"

"இதுவரைக்கும் நின்னதில்ல சார்."

"இல்ல, மிஷின்தானே. எப்ப வேணா நிக்கலாம்." சொல்லிவிட்டுத் திரும்பினார். இரண்டடி போனவர், ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "தம்பி கை இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"பரவாயில்ல சார்" என்று வாய் தானாகச் சொன்னது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

எப்போதிலிருந்து தெரியும்? யார் சொன்னது? தெரிந்தும் இத்தனை நாள் ஏன் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை? அடிபட்டவனுடைய அக்காவே அந்த வரியை ஓட்டட்டும் என்று நல்ல மனசோடு கூப்பிட்டிருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ள அவள் முயற்சி செய்தாள். ஆனால் அந்த ஆளுடைய முகத்தையும் நல்ல மனசையும் அவளால் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை. யோசித்து முடிப்பதற்குள் கைதட்டல் கேட்டது. தலைவர் மேடையேறிவிட்டார்.

பேச்சு நன்றாகப் போனது. சாலைகள், பள்ளிகள், புதிய மருத்துவமனை. அவர் திரும்புகிற பக்கமெல்லாம் எழுத்து அவருக்காகக் காத்திருந்தது. அவள் விரல்கள் பழக்கத்தில் ஓடின, கண் மட்டும் அந்த வரிகள் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. வந்தன. கண்ணாடியின் அடியிலிருந்து ஏறி நடுவில் நின்றன.

தலைவர் படித்தார். வாயால் அல்ல. சின்னத் திரையில் அவர் கண்கள் இடமிருந்து வலம் போய், மறுபடி இடப்பக்கம் வந்து, கடைசிவரை போனதை அவள் பார்த்தாள். பிறகு அவருடைய ஆள்காட்டி விரல் மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டியது.

திருகைத் திருப்பினால் போதும். வரிகள் மேலே போய் மறைந்துவிடும், அடுத்த பத்தி வந்துவிடும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதுதான் அவளுடைய வேலை. அதற்குத்தான் சம்பளம். அவள் கை நகரவில்லை. பயமா, கோபமா என்று அந்த நேரத்தில் அவளைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கை கல்லாகிவிட்டது, அவ்வளவுதான்.

விரல் மறுபடி தட்டியது. இந்தத் தடவை பலமாக.

'சொல்லுங்கய்யா' என்று அவள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வேண்டிக்கொண்டாள். 'மூணே வரி. படிச்சா போதும். நம்பக்கூட வேண்டாம்.'

தலைவர் வலப்பக்கம் திரும்பினார். அங்கேயும் அதே வரிதான் நின்றது. கூட்டம், அவர் உணர்ச்சிவசப்பட்டு நிற்கிறார் என்று நினைத்து அமைதியானது. அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடித்தார். நிதானமாகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிகள் இரண்டையும் விட்டுவிட்டு நேராகக் கூட்டத்தைப் பார்த்து, "வன்முறை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அது வருத்தத்துக்குரியது. எல்லாத் தரப்பினரும் பொறுமை காக்க வேண்டும்" என்றார். கைதட்டினார்கள். எந்தத் தரப்பு கைதட்டியது என்று பிரித்துச் சொல்ல முடியாத கைதட்டல்.

எல்லாத் தரப்பினருமா? பேருந்தின் இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் ஒரு தரப்பு, அவனை இழுத்துப் போட்டு மிதித்தவர்கள் ஒரு தரப்பு, இரண்டு பேரும் பொறுமை காக்க வேண்டுமாம். தம்பி பொறுமையாகத்தான் இருந்தான். மாவுக்கட்டுப் போட்டால் வேறு எப்படி இருப்பது?

அவள் திருகைத் திருப்பினாள். மீதிப் பேச்சு ஓடி முடிந்தது.

இன்னும் ஒயர்களைச் சுருட்டக்கூட இல்லை, செயலாளர் வந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா, மிஷின் நின்னு போச்சு?"

அவள் ஒயரைக் கையில் எடுத்தாள்.

"எங்களுக்குப் புரியுது. உங்க தப்பு இல்ல. வெளிய பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. காகிதத்துல இருக்கிற வரியை ஏன் சொல்லலைன்னு கேக்கிறாங்க. மிஷின் நின்னுடுச்சு, அந்தப் பத்தி கண்ணாடில வரவே இல்ல, தலைவர் ஞாபகத்துலேருந்து பேச வேண்டியதாப் போச்சு. இதுதான் நடந்தது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுடும். ஓட்டினது யாரு? அடிபட்டவரோட சொந்த அக்கா. நீங்களே சொல்லும்போது அப்புறம் யாரு சந்தேகப்படுவாங்க?"

இவ்வளவு நேரம் அவள் தேடிக்கொண்டிருந்த விடை இதுதான். காணாமல் போன வரி ஏன் திரும்பி வந்தது, முறை இல்லாத நாளில் தன்னை ஏன் கூப்பிட்டார்கள், தம்பி கையைப் பற்றி ஏன் விசாரித்தார், மிஷின் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று ஏன் சொன்னார், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. காகிதத்தில் கண்டனம் இருக்கும், வாயில் இருக்காது. கேட்டால் மிஷின். மிஷினைக் கேட்டால் இவள். பலிகடாவைக்கூட அடிபட்டவன் வீட்டிலிருந்தே பிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் எதிர்பாராதது ஒன்றுதான். நிற்காத மிஷினை நின்றதாகச் சொல்லத் திட்டம் போட்டிருந்தார்கள், அது நிஜமாகவே நின்றுவிட்டது.

"ரொம்பச் சீக்கிரமா யோசிச்சுட்டீங்க சார்" என்றாள்.

அவர் சிரித்தார். "தம்பி வேலை பார்க்கிற டிப்போ நம்ம ஆளுங்க கையிலதாம்மா இருக்கு. லீவு, சிகிச்சைச் செலவு, எல்லாம் பார்த்துக்கலாம்."

பைக்குள் போன் அதிர்ந்தது. தம்பி. அவள் ஒதுங்கிப் போய் எடுத்தாள்.

"அக்கா, டிவில மிஷின் கோளாறுன்னு போடறான். அந்த வரி இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சுடா."

"அப்புறம் எப்படி வராம போச்சு? நீதானே ஓட்டினே?"

மறுமுனையில் அவன் மூச்சு கேட்டது. விலா வலியோடு விடுகிற மூச்சு.

"உன்னை எடுக்கச் சொன்னாங்களா அக்கா?" என்றான். "சொல்லு. நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. கூடப் பிறந்தவன். இவளுடைய சம்பளத்தில் படித்தவன். அவனே சந்தேகப்படுகிறான், அதுவும் இவளைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துச் சந்தேகப்படுகிறான். "வீட்டுக்கு வந்து பேசறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், செயலாளர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் கூப்பிடுகிறாராம்.

தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டு சோபாவில் சாய்ந்திருந்தார். செயலாளரை வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தியதும் அவளைப் பார்த்துச் சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை. நெருங்கிய சொந்தக்காரர் சிரிப்பு.

"நல்லா தண்ணி காட்டிட்டியேம்மா கண்ணாடி. ரெண்டு தரம் தட்டினேன்."

அவள் தலை குனியவில்லை. "பார்த்தேங்கய்யா."

"பார்த்தியா. பரவாயில்ல. நீ ஓட்டாததைச் செயலாளர்கிட்ட நான் சொல்லல. மிஷின் நின்னுடுச்சுன்னே இருக்கட்டும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"மிஷின் நின்னதாலதான் சொல்ல முடியலைன்னா, இப்பச் சொல்லிடலாமே? கேமராவெல்லாம் வாசல்லதான் நிக்குது. மூணு வரிதாங்கய்யா. நீங்க படிச்சீங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இல்லாட்டி நான் பக்கத்துல நின்னு சொல்லித் தர்றேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "கையுறை போட்டவன் வீட்லயும் ஓட்டு இருக்கும்மா. அவன் அப்பன், மாமன், மச்சான் எல்லாரும் நமக்குப் போட்டவங்க. எனக்கு மட்டும் இதெல்லாம் புடிக்குதா? அதான் காகிதத்துல போடச் சொன்னேன். உங்க ஆளுங்க அதைப் படிச்சுப்பாங்க. அவங்க டிவி பார்ப்பாங்க. யாருக்கும் மனசு நோகாது."

உங்க ஆளுங்க. அவர் வாயிலிருந்து அவள் அதை முதல் முறையாகக் கேட்டாள். இதுவரைக்கும் அவருக்கு எல்லோரும் 'நம்ம ஆளுங்க'. அந்த வார்த்தையைக் கண்ணாடியில் எத்தனையோ தடவை ஓட்டியவள் அவள். ஒவ்வொரு தடவையும் அதில் தானும் இருப்பதாக நினைத்திருந்தாள்.

"ஊர்வலம் எங்க தெரு வழியா போகுதுங்கய்யா."

"போலீஸ் பார்த்துக்கும்."

"போலீஸ் உங்களைத்தானே பார்க்குது?"

"எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கும்மா" என்றார் தலைவர். எழுந்து வந்து அவள் தோளில் தட்டினார். மேசையில் தட்டிய அதே விரல். அடுத்ததுக்குப் போ என்று அர்த்தம்.

வாசலில் கேமராக்கள் கூடியிருந்தன. செயலாளர் முன்னால் போய், தொழில்நுட்பக் கோளாறு, வருத்தம், தலைவரின் நிலைப்பாடு காகிதத்தில் தெளிவாக உள்ளது என்று பூசி மெழுகி முடித்தார். பிறகு தோளைத் தொடாமலே தள்ளுகிற வித்தையால் அவளை மைக்குகளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "பிராம்ப்டரை இயக்கியவர் இவர்தான். தாக்கப்பட்ட ஓட்டுநரின் சகோதரி" என்றார். கேமராக்கள் அவள் முகத்துக்குத் திரும்பின. அந்த முகம்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

"மிஷின் நின்னு போச்சா மேடம்?" என்று ஒருவர் கேட்டார்.

"நின்னுது" என்றாள். செயலாளர் தலையசைத்தார்.

"எப்படி நின்னுது?"

"நான்தான் நிறுத்தினேன்."

செயலாளரின் தலை பாதி அசைவில் நின்றது.

"அந்த வரி வந்ததும் அவர் படிச்சார். படிச்சுட்டு, அடுத்ததுக்குப் போன்னு விரலால மேசையைத் தட்டினார். அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் உள்ள அடையாளம். நான் போகல. தொழில்ல அது பெரிய தப்பு. தெரிஞ்சேதான் செஞ்சேன். சொல்லிடுவார்னு நினைச்சேன். மறுபடி தட்டினார், அப்பவும் நான் போகல. அவர் தண்ணி எடுத்து, குடிச்சு, டம்ளரைக் கீழ வைக்கிற வரைக்கும் அந்த வரி ரெண்டு கண்ணாடிலயும் அவர் கண்ணு முன்னாடி நின்னுக்கிட்டே இருந்துச்சு."

பின்னாலிருந்து ஒரு பெண், "அந்த வரி என்ன மேடம்? நீங்களே சொல்லுங்களேன்" என்றாள்.

அவள் சொன்னாள். மூன்று வரியையும், காகிதம் இல்லாமல், கமா வைத்த இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னாள். குரல் நடுங்கியது. 'கண்டிக்கிறேன்' என்ற இடத்தில் மட்டும் நடுங்கவில்லை.

கைப்பையை எடுக்கக்கூட அவளை உள்ளே விடவில்லை. கமாதான் அதை வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். "நீ நல்லா படிச்சேம்மா" என்று முணுமுணுத்துவிட்டு, திருடிக்கொண்டு ஓடுகிறவர் போல உள்ளே போய்விட்டார். பேருந்தில் வரும்போது எதிரே உட்கார்ந்திருந்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் பார்த்த முகம் என்று பார்க்கிறாரா, வேறு எதற்காகவாவது பார்க்கிறாரா என்று தெரியவில்லை. அவர் கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள் இருந்தன. அவர் இறங்கும்வரை அவள் அந்தப் பைகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறங்கும்போது அவர் கையை வெளியே எடுத்துக் கம்பியைப் பிடித்தார். வெறுங்கைதான்.

தெருமுனை நிறுத்தத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். அடிபட்ட நாளிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டாதவன், மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வருகிற போகிற ஒவ்வொருவனின் வலது கையையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எதுக்குடா வெளிய வந்தே?" என்று அவள் கத்தினாள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போக" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "தப்பா கேட்டுட்டேன் அக்கா" என்றான்.

"ஆமா, கேட்டுட்டே" என்றாள் அவள். அவளுக்கு மன்னித்துவிட்டதாகச் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அவன் நல்ல கையை எடுத்துத் தன் கையில் கோத்துக்கொண்டாள்.

குரல் கொடுத்தார்கள். உள்ளே அலமாரி நகர்ந்தது. அம்மா இவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்தாள். மறுபடி அலமாரியைக் கதவோடு சேர்த்துத் தள்ளினார்கள். டிவி ஓடிக்கொண்டே இருந்தது. பிற்பகல் முழுவதும் இவள் சொன்னதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்களாம். ஊர்வலத்துக்கு அனுமதி உண்டா இல்லையா என்று போலீஸ் இன்னும் வாய் திறக்கவில்லையாம்.

"இரு இரு, அவரு பேசறாரு" என்று அம்மா சத்தத்தைக் கூட்டினாள்.

தலைவர் தம் வீட்டு வாசலில் காரில் ஏறப் போகும் நேரத்தில் மைக்குகள் மறித்திருந்தன. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவருக்கு முன்னால் கண்ணாடி இல்லை, கையில் காகிதம் இல்லை, பக்கத்தில் கமா இல்லை. யாரையும் கேள்வியை முடிக்கக்கூட விடாமல் ஆரம்பித்தார்.

"என் அலுவலகத்தில் இருந்துகொண்டே எனக்குக் குழி பறித்த அந்தப் பெண்ணின் செயலை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். இது நம்பிக்கைத் துரோகம். இப்படிப்பட்டவர்களுக்கு இங்கே இடமில்லை. கடுமையான நடவடிக்கை எடுக்கப்படும்."

ஓரிடத்திலும் திக்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. கார்க் கதவு சாத்திக்கொண்டது.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு கும்பலைப் பார்த்து வாயில் வராத வார்த்தை, தன்னைப் பார்த்ததும் தண்ணீர்பட்ட பாடாக வருகிறதே என்று வாய்விட்டு அழலாம் போலிருந்தது. அம்மா டிவியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்தலின்போது அவர் பிடித்த தன் வலது கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"மிஷின் இல்லாமலே நல்லாத்தான் வருது அந்தாளுக்கு" என்றாள்.

தம்பிதான் முதலில் சிரித்தான். "ஐயோ, வலிக்குது, சிரிக்க வைக்காதம்மா" என்று விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இவளுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. அம்மா குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்துப் பிரித்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி மடித்துப் பீரோவில் வைக்க ஆரம்பித்தாள்.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மூன்று பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தார்கள். சத்தம் அவர்கள் வாசலைத் தாண்டி மேல்மாடிக்குப் போனது. செருப்பு அலமாரியை யாரும் நகர்த்தவில்லை.